சித்திரை வீதியில் ஒரு நைட் கிளப்

ஸ்ரீரங்கத்தில் நைட் கிளப் கிடையாது. ஆகவே சரத்குமார் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

சித்திரை வீதியிலுள்ள கல்யாண மண்டபம் ஒன்றில் காலையிலிருந்தே கறுப்புத் துணி ஏறிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த தசாவதாரப் படங்கள் மச்சத்தில் தொடங்கி வரிசையாக மறைந்தன. 'மணமக்களை வாழ்த்துங்கள்' என்ற பலகை மறைந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டும் பணக்கார வாடிக்கையாளர்களின் சோபாவாக மூலைக்குப் போயின. சந்தனமும் கல்கண்டும் வைக்கும் வரவேற்பு மேசை பார் ஆனது. மேடைக்கு முன்னால், பந்தல்காரரிடம் வாங்கிய பலகைகளை மரக்கட்டைகள் மேல் பரப்பி, ஆடுவதற்கு ஒரு தளம் போட்டிருந்தார்கள்.

"பாட்டில் எதுவும் உள்ள வரப்படாது," என்றார் மண்டப மேனேஜர் சடகோபன். நெற்றியில் திருமண், இடுப்பில் சாவிக்கொத்து. துணி கட்டும் ஆட்களுக்கு நடுவே அவர் நடக்கும்போது சாவிகள் முன்னால் போய் அறிவித்தன.

"காலி பாட்டில்தான் சார். சினிமாவுக்கு," என்றான் சரத்குமார். இந்தப் படத்தின் தயாரிப்பு வேலைகள் முழுவதும் அவன் தலையில்.

"காலி பாட்டில்னா யாரோ காலி பண்ணியிருக்கான்னுதானே அர்த்தம்?"

பாரில் நன்னாரி சர்பத் பாட்டில்கள் அடுக்கப்பட்டன. அவருக்கு இன்னும் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, கல்யாணம் நடக்கும் இடம், யாரும் செருப்புக் காலோடு உள்ளே வரக் கூடாது. இன்னொன்று, சித்திரை உற்சவம் நடக்கிறது. மாலையில் பெருமாள் புறப்பாடு இந்த வீதி வழியாக வரும். வாகனம் வீதிக்குள் திரும்பிவிட்டால் ஸ்பீக்கர் சத்தம் துளிகூடக் கேட்கக் கூடாது.

"பெருமாள் எழுந்தருள்றச்சே உள்ளேருந்து டம் டம்னு கேட்டா, நாளைக்கு நான் இந்தத் தெருவில தலைகாட்ட முடியாது. புரிஞ்சுதோல்லியோ?"

"புரிஞ்சுது சார். அதுக்கு முன்னாடியே முடிச்சிருவோம்."

"ஒரே நாள்தான். நாளைலேருந்து வரிசையா முகூர்த்தம்."

அன்றைக்கு நவமி. இந்துக்கள் யாரும் கல்யாணம் வைக்காத நாள் என்பதால்தான் மண்டபம் கிடைத்தது. படத்தில் மிச்சமிருந்தது கிளைமாக்ஸ் மட்டும்.

இயக்குநர் ரஞ்சனி மேடை ஓரத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கைலாசபுரம் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். திருச்சி நகைக்கடைகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் விளம்பரம் எடுத்துப் பழகியவளுக்கு இது முதல் படம். ஒளிப்பதிவாளர் பிரிட்டோ அவளுடைய கணவன். அவள் பேசிக்கொண்டிருந்தது கதாநாயகனிடம்.

கதாநாயகன் ஜூட் நடிகன் அல்ல. திருச்சி பாலக்கரைக்காரன், சென்னையில் கடற்கரைச் சாலை ஹோட்டல் ஒன்றின் நைட் கிளப்பில் பல வருடம் டி.ஜே.யாக இருந்தவன். அங்கேதான் காது போக ஆரம்பித்தது. இடது காது முழுவதும் போய்விட்டது. வலது காதில் கருவி இருக்கிறது. அமைதியான இடத்தில், எதிரே உட்கார்ந்து பேசினால் புரியும். கிளப்பில் அவனுடைய கடைசி இரவில் சவுண்டுக்கு மட்டும் கரண்டு போனது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஜூட் கண்ணை மூடி, ஒரு கையைத் தூக்கி, இல்லாத பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தான். கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. யாரோ போனில் எடுத்தார்கள். மறுநாள் காலைக்குள் அந்த வீடியோ பாலக்கரை வரைக்கும் வந்துவிட்டது.

இந்தக் கதையை ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் பிரிட்டோ வீட்டில் ஜூட்டே நடித்துக் காட்டினான். ரஞ்சனி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இதைப் படமாக எடுக்கலாமா என்று கேட்டாள். "நான்தான் ஹீரோ," என்றான் ஜூட். அப்படித்தான் தொடங்கியது.

படம் முழுக்க அவன் சந்தோஷமாக நடித்தான். காதுக் கருவியை மறைக்கத் தலையில் ஜமுக்காளத்தைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு கிளப்புக்குப் போகும் காட்சியை அவனே எழுதினான். கிளைமாக்ஸில் மட்டும் முட்டிக்கொண்டது.

"பாட்டு நிக்குது. இவனுக்குத் தெரியல. ஆடிக்கிட்டே இருக்கான். ஜனங்க ஒவ்வொருத்தரா சாப்பிடப் போயிடறாங்க. திரும்பிப் பாத்தா காலி ஹால்," என்றாள் ரஞ்சனி. "தியேட்டரே சிரிக்கும் ஜூட்."

"சிரிக்கும். நானே சிரிப்பேன்."

"அப்புறம் என்னங்க?"

"நான் ஒரு தடவை நேர்லயே பாத்துட்டேன் ரஞ்சனி. மறுபடி டிக்கெட் வாங்கிப் பாக்கணுமா?"

"வேற என்ன பண்ணலாம்ங்கறீங்க?"

"கரண்டு போனது அவன் காதுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும். ஸ்பீக்கர் பாக்ஸ் மேல கை வெச்சிருக்கான்ல? தெரிஞ்சதும் அவன் கூட்டத்தை விடமாட்டான். பாட்டு இல்லாமலே ஆட வெப்பான்."

"பாட்டு நின்னா ஆளும் நிப்பான். ஃபேன் நின்னா காத்து நிக்கற மாதிரி. அதை எப்படிங்க மாத்த முடியும்?"

"நின்னா உங்க முடிவு. நிக்கலேன்னா என் முடிவு."

ரஞ்சனி பிரிட்டோவைப் பார்த்தாள். பிரிட்டோ லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்; இந்த வழக்கில் சாட்சி சொல்ல அவனுக்கு விருப்பமில்லை.

ஜூட் இவ்வளவு பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊர் திரும்பிய பிறகு ஒருவரும் அவனிடம் ஒரு நிகழ்ச்சியைக் கொடுக்கவில்லை. சொந்த அக்கா மகன் ரிசப்ஷனுக்கே வேறு டி.ஜே.யை வைத்துவிட்டு, இவனை மரியாதையாக முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். ஒரு கூட்டத்தைத் தன்னால் இன்னும் பிடித்து வைக்க முடியுமா என்பது அவனுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவனுக்குக் கிடைத்த ஒரே தளம், மரக்கட்டை மேல் போட்ட இந்தப் பலகைகள்தான்.

"சரி," என்றாள் ரஞ்சனி. "ஒரே ஷாட். கட் கிடையாது. பாட்டை எப்ப நிறுத்துவேன்னு உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆனா முதல்ல பசங்களை வெச்சு ஒத்திகை பாப்போம்."

பசங்க என்றால் கல்லூரி மாணவர்கள், நாற்பது பேர். ஜிகினா சட்டை, கறுப்புக் கவுன், முடியில் வெள்ளிப் பொடி என்று கிளப்புக்கு வேண்டிய எல்லாமும் செய்துகொண்டு, சடகோபன் உத்தரவால் வெறுங்காலோடு நின்றார்கள். பாட்டு போட்டதும் பிரமாதமாக ஆடினார்கள். சரத்குமார் சுவரில் இருந்த ப்ளக்கைப் பிடுங்கினான். பாட்டு நின்றது. நாற்பது பேரும் நின்றார்கள்.

"நிக்காதீங்கப்பா! ஜூட் சார் கையைப் பாத்து ஆடுங்க!" என்று கத்தினாள் ரஞ்சனி.

மறுபடி. இந்த முறை நிற்கவில்லை. ஆளுக்கொரு வேகத்தில் ஆடினார்கள். ஒருத்தி குனிந்து சிரித்தாள், அது பக்கத்தில் ஒட்டிக்கொண்டது, பிறகு தளம் முழுக்கப் பரவியது. மூன்றாவது முறை ஒருவன் வாயாலேயே தாளம் போட்டுப் பார்த்தான். இன்னொருவன் வேறொரு பாட்டுக்குத் தாளம் போட்டான்.

"ஜூட் அண்ணே, சத்தமே இல்லாம ஆடுனா கூச்சமா இருக்குண்ணே," என்றான் ஒருவன், உண்மையான வருத்தத்தோடு.

ஜூட் மேடையிலிருந்து இறங்கி, வெல்வெட் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இனி யாரும் பேச வேண்டாம் என்று அர்த்தம்.

அந்த நேரத்தில்தான் வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன.

ஊர் திரும்பிய பிறகு ஜூட் சைகை மொழி கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தான். சனிக்கிழமைகளில் காது கேளாதவர்கள் கூடும் சங்கத்துக்குப் போவான். சொல்லிக்கொடுத்தவள் ஃபெமினா, அவளுக்குக் காது கேட்கும், அவளுடைய அப்பா அம்மாவுக்குக் கேட்காது. படத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் ஆட்கள் சும்மா நின்றால் நன்றாக இருக்கும் என்று ஜூட் சங்கத்தாரைக் கூப்பிட்டிருந்தான். கூப்பிட்ட விதம் எளிமையானது. மண்டபம் எங்கே இருக்கிறது என்று போனில் அனுப்பினான். கீழே, 'சனிக்கிழமை எல்லாரும் கட்டாயம் வரணும். மதியம் சாப்பாடு உண்டு. அன்புடன் ஜூட்' என்று எழுதினான். வேறு என்ன எழுத வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

முதலில் இறங்கியவர் ஃபெமினாவின் அப்பா பாக்கியநாதன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. பின்னால் பாக்கியமேரி, அரக்கு நிறப் பட்டுப்புடவையில், தலை நிறைய மல்லிகை. அதற்குப் பின்னால் இன்னும் முப்பத்தைந்து, நாற்பது பேர். காஞ்சிப் பட்டு, நெக்லஸ், குழந்தைகளுக்குச் சரிகைப் பாவாடை. திருவெள்ளறையிலிருந்து வந்த இரண்டு பேர் வழியிலேயே வாழைத்தார் வாங்கி வந்திருந்தார்கள். வண்ணக் காகிதம் சுற்றிய பெட்டிகள் எத்தனை என்று பார்த்த உடனே தெரியவில்லை. வடிவத்தை வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சுவர்க்கடிகாரங்கள்.

பாக்கியநாதன் நேராக ஜூட்டிடம் வந்து கட்டிப்பிடித்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். கறுப்புத் துணி. நன்னாரி சர்பத். முடியில் வெள்ளிப் பொடி பூசிய பிள்ளைகள். அவர் கைகள் வேகமாகப் பேசின.

"பொண்ணு எங்கன்னு கேக்கறாரு," என்றாள் ஃபெமினா. அவளும் பட்டுப்புடவையில்தான் இருந்தாள்.

"எந்தப் பொண்ணு?" என்றாள் ரஞ்சனி.

"கல்யாணப் பொண்ணு. ஜூட் சாருக்கு இன்னிக்குக் கல்யாணம் இல்லீங்களா?"

அவள் கைகளும் அதையே சொல்லின. ஜூட் அவசரமாகக் கருவியை எடுத்துக் காதில் மாட்டினான்.

"கல்யாணமா? யாருக்கு?"

"சார், நாப்பது வயசு வரைக்கும் கல்யாணம் பண்ணாத ஆளு, எல்லாரையும் மண்டபத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டு, சாப்பாடு உண்டுன்னா வேற என்ன சார் நெனைப்பாங்க?"

"முப்பத்தெட்டு," என்றான் ஜூட்.

"நவமியில எவனாவது கல்யாணம் வெப்பானாம்மா?" என்று தலையில் கை வைத்தான் சரத்குமார்.

"நாங்க கிறிஸ்டியன்ஸ், அஷ்டமி நவமி பாக்கறதில்லீங்களே. ஆனா ஸ்ரீரங்கத்துல மண்டபம்னதும் அப்பாவுக்கு டவுட்டு வந்துச்சு. பொண்ணு இந்த ஊர் போல, லவ் மேரேஜா இருக்கும்னு முடிவு பண்ணிட்டாரு. வேன்ல வர்ற வழியெல்லாம் அதே பேச்சு."

பாக்கியநாதன் இதற்குள் ரஞ்சனியை மேலும் கீழும் பார்த்து, ஜூட்டைப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார். கல்லூரிப் பையன்கள் விசிலடித்தார்கள்.

"சார், லவ் மேரேஜ்ங்கறது சரி. ஆளு தப்பு," என்று பிரிட்டோ கேமராவுக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கினான். "மாப்பிள்ளை நானு. முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு."

ஃபெமினா அதைக் கைகளால் சொன்னதும் பட்டுக்கூட்டம் முழுவதும் குலுங்கியது. பாக்கியமேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கடிகாரத்தைத் திருப்பி எடுத்துப் போக முடியாது என்று பாக்கியநாதன் கண்டிப்பாகச் சொன்னார். கொண்டு வந்த பரிசைத் திருப்பிக் கொண்டுபோகும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. ஜூட் எப்போதாவது கல்யாணம் செய்துகொள்ளட்டும். அதுவரை மணி பார்க்கலாம்.

சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு கூட்டமும் கலந்து உட்கார்ந்தது. ஜூட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் கண் எதிர்ப்பந்தியில் இருந்தது. பாக்கியநாதன் இலையை விட்டுவிட்டு, எதிரே இருந்தவருக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கை, தோள், முகம், புருவம் எல்லாம் கதைக்குள் இருந்தன. நாலு பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சாம்பார் வாளியோடு வந்தவர் மேசையில் இடித்தார். இடித்த அதிர்வில் வரிசையே ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தது.

ஜூட் எச்சில் கையோடு எழுந்து ரஞ்சனியிடம் ஓடினான்.

"ரஞ்சனி! இவங்களைத் தளத்துல ஏத்துங்க!"

"என்னது?"

"பசங்க ஏன் நின்னாங்க? சத்தம் இருந்துச்சு, போச்சு, அதனால நின்னாங்க. இவங்களுக்குப் போறதுக்கு என்னங்க இருக்கு?"

ரஞ்சனி கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்தாள். பிறகு, "பட்டுப்புடவையில நைட் கிளப்பா?" என்றாள், ஆனால் அதை அவள் தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. பந்தியைப் பார்த்தாள். மல்லிகையைப் பார்த்தாள். மடியில் வைத்திருந்த கடிகாரங்களைப் பார்த்தாள்.

"நைட் கிளப் எதுக்கு?" என்றாள். "அவனைக் கிளப்ல தொரத்திட்டாங்க. ஊருக்கு வந்துட்டான். இது ஒரு கல்யாண ரிசப்ஷன். சரத்! சரத்குமார்! துணியெல்லாம் அவுருங்க!"

"மேடம், இப்பத்தான் மேடம் கட்டி முடிச்சேன்!"

"அவுருங்க!"

கறுப்புத் துணி இறங்கியது. கல்கி முதலில் வெளியே வந்தார், மச்சம் கடைசியில். 'மணமக்களை வாழ்த்துங்கள்' பலகை வெளிச்சத்துக்கு வந்தது. வெல்வெட் நாற்காலிகள் மேடைக்குத் திரும்பின. பார் மறுபடி சந்தன மேசையானது. சடகோபன் கையைக் கட்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இதைக் காலம்பறயே பண்ணியிருக்கலாமே," என்றார்.

மாப்பிள்ளை பெண்ணாக யாரை உட்கார வைப்பது என்று யோசிப்பதற்குள் பாக்கியநாதனும் பாக்கியமேரியும் வெல்வெட் நாற்காலிகளில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்திருக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. "அறுபதாம் கல்யாணம்னு வெச்சுக்கலாம்," என்றாள் ரஞ்சனி, வேகமாக எதையோ தாளில் அடித்துக்கொண்டே. ஜிகினா பையன்கள் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போனார்கள்.

ஜூட் பெரிய பேஸ் பாக்ஸை மேடையை ஒட்டிக் கவிழ்த்து, அதன் வாய் பலகைத் தளத்தைத் தொடும்படி வைக்கச் சொன்னான். சோதனைக்கு ஒரு தாளம் போட்டான். தளத்தில் நின்ற பெண்கள் ஒரே நேரத்தில் தங்கள் பாதங்களைக் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சடகோபன் எல்லோருடைய செருப்பையும் வாங்கி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

விளக்குகளை மாற்றி அமைப்பதில் மாலை வந்துவிட்டது. ஒரு ஷாட்டுக்குத்தான் நேரம் இருந்தது.

"சரத், நான் கையைத் தூக்கினதும் ப்ளக்கைப் புடுங்குங்க," என்றாள் ரஞ்சனி. "பிரிட்டோ, முதல்ல மேடை, அப்புறம் கூட்டத்துக்குள்ள போ. நான் சிக்னல் குடுக்கறப்போ ஜூட் முகத்துல இருக்கணும்."

ஜூட் கருவியைக் கழற்றி ஃபெமினாவிடம் கொடுத்தான். வலது கையைக் கவிழ்த்த பாக்ஸின் முதுகில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"ஆக்‌ஷன்!" என்று ரஞ்சனி கத்தினாள். ஃபெமினா கையை வீசினாள்.

பாட்டு வெடித்தது. பலகைகள் அதிர்ந்தன. அதிர்வு உள்ளங்காலில் ஏறி முழங்காலைத் தொட்டது, பட்டுக்கூட்டம் கிளம்பியது. இப்படி ஆடுவார்கள் என்று ரஞ்சனி எதிர்பார்க்கவே இல்லை. கூச்சமே இல்லை. சரிகை பறந்தது, வளையல் குலுங்கியது, வாழைத்தார் கொண்டு வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் குதித்தார். எல்லோர் கண்ணும் ஜூட் மேல். அவன் தோளை அசைத்தால் தோள்கள் அசைந்தன. பாக்கியநாதன் பொறுமை இழந்து மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். பிரிட்டோ கேமராவோடு அவர்கள் பின்னால் ஓடினான்.

அப்போது சடகோபனுக்கு நாதஸ்வரம் கேட்டது.

தூரத்தில், வடக்கு முனையில். வாகனம் திரும்பிவிட்டது. அவர் சரத்குமாரிடம் விரைந்தார். "நிறுத்துங்கோ!"

"ஒரே நிமிஷம் சார், மேடம் சிக்னல் குடுக்கணும்."

"பெருமாளுக்கு உங்க மேடம் சிக்னல் குடுப்பாளா?"

குனிந்து ப்ளக்கை அவரே பிடுங்கினார்.

பாட்டு அறுந்தது. ரஞ்சனி கையைத் தூக்கவே இல்லை. பிரிட்டோவின் கேமரா பாக்கியமேரியின் பூவில் இருந்தது. பின்வரிசையில் ஜிகினா பையன்கள் சட்டென்று நின்றார்கள். 'போச்சு' என்று ரஞ்சனி கண்ணை மூடினாள்.

கண்ணை மூடியதால்தான் அவளுக்கு முதலில் கேட்டது.

தப். தப். தப். தப்.

கண்ணைத் திறந்தாள். தளம் நிற்கவில்லை.

மேடையில் ஜூட்டின் வலது கைக்குக் கீழே பாக்ஸ் செத்திருந்தது. அவன் உள்ளங்கையை மெல்ல எடுத்தான். ப்ளக்கைத் தேடவில்லை, யாரையும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தான். கீழேயும் அதிர்வு போனது தெரிந்திருந்தது. ஆடிக்கொண்டே எல்லோரும் மோவாயைத் தூக்கி, என்ன என்று அவனைக் கேட்டார்கள். ஜூட் வலது கையை உயர்த்தினான். இறக்கினான். பாதங்கள் இறங்கின. மறுபடி உயர்த்தினான். இப்போது பலகையை அதிரவைத்தவர்கள் அவர்களே. அந்த அதிர்வு அவர்கள் உள்ளங்காலுக்கே திரும்பி வந்தது. இதற்கு மேல் ப்ளக் தேவைப்படவில்லை.

"பிரிட்டோ!" என்று ரஞ்சனி கிசுகிசுத்தாள். பிரிட்டோ ஏற்கெனவே திரும்பிவிட்டிருந்தான்.

ஜூட் வேகத்தைக் கூட்டினான். கூட்டம் கூடவே வந்தது. இடது கையால் பெண்களைப் பிரித்தான், வலது கையால் ஆண்களை. இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் பதில் அடி. கொலுசுகள் ஒரு தாளத்தில், வெறும் குதிகால்கள் இன்னொன்றில். ஜிகினா பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசைப் பட்டுப்புடவைகளின் முதுகைப் பார்த்து முதலில் ஒருவன் சேர்ந்தான், பிறகு எல்லோரும். இம்முறை யாருக்கும் கூச்சம் வரவில்லை.

ஜூட் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. கையை உயர்த்தி, முஷ்டியை மூடினான்.

மண்டபமே நின்றது. ஒரு வளையல்கூட அசையவில்லை. அந்த அமைதிக்குள் வாசல் வழியாக நாதஸ்வரம் நுழைந்து, தசாவதாரங்களுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஜூட்டுக்கு அது கேட்கவில்லை. தளத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை. அவன் அவர்களை நிறுத்திவைத்திருந்தான், எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம்.

முஷ்டியைத் திறந்தான். அத்தனை பாதங்களும் ஒரே அடியாக இறங்கின. நன்னாரி பாட்டில் ஒன்று மூலையில் சாய்ந்தது.

வாசலில் தீவட்டி வெளிச்சம் தெரிந்தது. சடகோபன் கையில் ப்ளக்கோடு நிலைப்படியில் நின்று, அப்படியே கும்பிட்டார். வாகனம் மண்டபத்துக்கு நேரே வந்தபோது ஜூட் இரண்டு கைகளையும் விரித்து ஆட்டத்தை முடித்தான். தளத்தில் இருந்தவர்கள் கைதட்டவில்லை. அவர்கள் வழக்கப்படி இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களைப் படபடவென்று ஆட்டினார்கள். வீதியில் இருந்த கூட்டம் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தது. பட்டு உடுத்திய நாற்பது பேர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறார்கள். "கோவிந்தா!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். வீதி முழுக்க எதிரொலித்தது.

வாகனம் கடந்த பிறகும் சடகோபன் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

ரஞ்சனி மேடைக்கு ஓடினாள். பாதி வழியில் பிரிட்டோவைப் பிடித்து உலுக்கினாள். "எடுத்தியா? எடுத்தியா?"

"முகம் இருக்கு, முஷ்டி இருக்கு, கூட்டம் இருக்கு. எல்லாம் இருக்கு." பிரிட்டோவுக்கு மூச்சு வாங்கியது. "காலை எடுக்கல ரஞ்சி. கால் இல்லாம இது இல்ல."

ஜூட் மேடையில் வியர்வை சொட்ட நின்றான். கருவி இன்னும் ஃபெமினாவிடம். அவன் ரஞ்சனியைப் பார்த்து, முதலில் அவளைச் சுட்டினான், பிறகு தன் நெஞ்சைச் சுட்டினான். யாருடைய முடிவு?

ரஞ்சனிக்குச் சைகை மொழி தெரியாது. ஒரு விரலை நீட்டி, அவன் நெஞ்சை நேராகக் காட்டினாள். கையைத் தாழ்த்த மனமில்லாமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூட் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். கீழே பாக்கியநாதன் கைகளால் ஏதோ சொன்னார்.

"பாலக்கரையில எங்க சங்கத்து ஆண்டு விழா வருதாம். அன்னிக்கு உங்களுக்கு வேற புரோகிராம் இருக்கான்னு கேக்கறாரு," என்று ஃபெமினா கையாலும் வாயாலும் சொன்னாள்.

ஜூட் டைரியைப் புரட்டுவதுபோல் காற்றில் நாலு பக்கம் புரட்டிப் பார்த்து, யோசித்து, இருக்கிறது என்பதுபோல் தலையசைத்தான். அவர் அவனை அடிக்கக் கை ஓங்கினார்.

ரஞ்சனி வாசலுக்குப் போனாள். "சார், இன்னும் ஒரு தடவை எடுக்கணும். காலை மட்டும்."

"வாகனம் வீதியை விட்டுப் போகலையே," என்றார் சடகோபன். "கண்டிஷன் சொல்லியிருக்கேனே. பாட்டுப் போடப்படாது."

"பாட்டு வேணாம் சார்."

சடகோபன் கையிலிருந்த ப்ளக்கைப் பார்த்தார். தளத்தைப் பார்த்தார். மறுக்க ஒரு காரணம் தேடி நிபந்தனைகளை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டினார் போலிருந்தது. பாட்டில் இல்லை. செருப்பு இல்லை. பாட்டும் இல்லை.

"அப்புறம் எனக்கென்ன ஆட்சேபம்?" என்றார். "ஆடச் சொல்லுங்கோ."

ப்ளக்கைச் சரத்குமாரிடம் கொடுத்துவிட்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிரிட்டோ தளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டான். அவன் கண்ணுக்கு நேரே மெட்டி, கொலுசு, மஞ்சள், வெடித்த குதிகால், வெள்ளிப் பொடி ஒட்டிய ஒரு கல்லூரிக் கால்.

ஜூட் கையை உயர்த்தினான். அத்தனை கால்களும் பலகையை விட்டு எழுந்தன.